வாசல் கதவு

"மாத்திரையைக் கூட்டித் தரேம்மா. வலி அடியோட குறைஞ்சிடும்," என்றார் புற்றுநோய் மருத்துவர்.

"வேண்டாம் டாக்டர். அசந்து தூங்கிடுவேன்."

"தூங்குங்களேன்! இனிமே குணப்படுத்த வழியில்லைன்னு ஆயிடுச்சு. இருக்கிற நாள்லயாவது நிம்மதியா இருக்க வேண்டாமா?"

"நான் தூங்கிட்டா வாசக்கதவை யாரு பாத்துக்கிறது?"

மருத்துவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "உயிர் போற வலியிலயும் உங்களுக்குக் கதவுதான் பெரிசா?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, பக்கத்தில் சிரித்தபடி உட்கார்ந்திருந்த கணவரின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"ஏன், கதவைச் சார் பூட்டிக்க மாட்டாரா? சார், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

கணவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மருத்துவரின் காதருகே குனிந்தார்.

"பாவம் டாக்டர், இந்தம்மா. கூட வர்றதுக்கு வீட்டு மனுஷங்க யாருமே இல்லையா?"