ஏழாம் பகுதி

மேசையின் தலைப்பக்கத்தில் வக்கீல் லோர்னா. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரை ஒட்டி, கோட்டைக்கூடக் கழற்றாமல் மோரீன். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு செருப்புப் பெட்டி. அதில் தம்பி நெவில் சிறையிலிருந்து எழுதிய கடிதங்கள், ஒவ்வொன்றிலும் சிறையின் நீலத் தணிக்கை முத்திரை. கதவோர நாற்காலி நெவிலுக்கு. அது காலியாக இருந்தது.

கழிப்பறைக்குப் போனவன் திரும்பி வந்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே கை கட்டி நின்றிருந்தான். லோர்னா எழுந்து போய்த் திறந்துவிட்டாள்.

"தேங்க்ஸ் மிஸ்."

"வந்துட்டாருய்யா இளவரசர்! கதவை நாமதான் திறந்து விடணும்," என்றாள் மோரீன். "இந்த ஹல் ஊர்லயே இவனை மாதிரி மரியாதை தெரிஞ்சவன் கிடையாது."

செய்யாத கொலைக்குப் பதினேழு வருடம். தண்டனை ரத்தாகி இரண்டு வருடம் முடியப்போகிறது. அதற்குள் நஷ்டஈட்டு மனு போய்ச் சேர வேண்டும்; இன்னும் மூன்றே நாள். ஏழாம் பகுதி மட்டும் நிரம்பவில்லை: சிறைவாசத்தால் இன்றும் நீடிக்கும் பாதிப்புகள்.

"ஏதாவது சொல்லுங்க நெவில். கெட்ட கனவு? கூட்டத்தைப் பார்த்தா படபடப்பு?"

"ஒன்பதுக்குப் படுத்தா ஆறுக்குத்தான் முழிப்பு. டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டார்."

"இதுல ஒண்ணும் இல்லைன்னா, 'ஆளு கல்லு மாதிரி இருக்கான், இவனுக்கு எதுக்கு நஷ்டஈடு'ன்னு தூக்கிப் போட்டுடுவாங்க."

"பைத்தியம்னு எழுதுங்க," என்றாள் மோரீன். "பாதிதான் பொய்."

நெவில் சிரிக்கவில்லை. "பதினேழு வருஷத்தை எடுத்துக்கிட்டாங்க அக்கா. புத்தியையும் எடுத்துக்கிட்டாங்கன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமா? அந்த ஜெயில் என்னை ஒண்ணும் பண்ணல. அதை அவங்க படிக்கணும்."

லோர்னா அரை மணி நேரம் மன்றாடிப் பார்த்தாள். தேநீர் ஆறி ஏடு கட்டியதுதான் மிச்சம். கடைசியில் பேனாவை அவனிடமே நீட்டினாள்.

ஏழாம் பகுதியில் 'எதுவும் இல்லை' என்று அச்சுப்போல எழுதினான். கீழே கையெழுத்திட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தான். வந்ததிலிருந்து அப்போதுதான் அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

அதைக் கெடுக்க லோர்னாவுக்கு மனம் வரவில்லை. கொலைகாரன் என்று உள்ளே தள்ளினார்கள். நன்றாக இருக்கிறான் என்று வெறுங்கையோடு அனுப்பப்போகிறார்கள். தாள்களை மடித்து உறையில் போட்டாள், தபால்தலை ஒட்டினாள். உறையின் மடிப்பில் ஈரம் தடவி விரலால் அழுத்தப் போனாள்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, நெவில் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தான். முகம் வெளிறியிருந்தது.

"ஒட்டாதீங்க மிஸ்! வார்டர் இன்னும் படிச்சுப் பாக்கலையே!"