இரண்டாவது பெயர்

என் கணவர் வாலண்டைன் இறந்தபின், அவர் பாதியில் விட்ட செயலியை முடித்துத்தர ஏமி கிள்ளானிலிருந்து எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்தாள். அவருடன் வேலை செய்தவள். அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய மடிக்கணினியைத் திறந்தாள்.

செயலி கணினிக்குள் தனிப் பெட்டி போன்ற ஒரு கன்டெய்னரில் ஓடியது, அதன் தகவல்களை வைத்திருக்கும் டேட்டாபேஸ் இன்னொன்றில். இரண்டும் சேரவில்லை.

"லோக்கல்ஹோஸ்ட்னு போட்டா தனக்குள்ளயே தேடும்க்கா. பக்கத்து கன்டெய்னர் பேர குடுக்கணும்."

அவள் பெயரை மாற்றியதும் சேர்ந்தது. ஆனால் திரையில், டேட்டாபேஸுடன் சேர்ந்திருப்பவற்றின் பட்டியலில், ஓர் இணைப்பு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு தெரிந்தன. இரண்டாவதில் வாலண்டைன் என்றிருந்தது.

"இது இன்னைக்கு நான் போட்ட புது டேட்டாபேஸ்க்கா. அண்ணன் பேரே இதுல இல்ல."

செயலியை நிறுத்தினாள். அவர் பெயர் மட்டும் திரையில் அப்படியே இருந்தது.

அவள் தண்ணீர் குடிக்க எழுந்தபோது நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். பெயர் மறைந்தது. அவள் திரும்ப வந்து உட்கார்ந்ததும் வந்தது.

"உனக்குன்னா உடனே வராரு," என்றேன் சிரித்துக்கொண்டே.

"ஏதாவது பழைய செட்டிங்கா இருக்கும்லா அக்கா." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மருத்துவமனையில் கடைசிவரை அவர் கையைப் பிடித்திருந்தவள் நான்.

மாலையில் ஏமி புறப்பட்டாள். ரயில் குளிருக்காகக் கொண்டுவந்த ஸ்வெட்டரை மறந்துவிட்டாள். அதில் அவளுடைய வாசனைத் தைலம் மணத்தது. அதைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

சிறிது நேரத்தில் அவர் பெயர் வந்தது.

என் குரல் கேட்டால் போய்விடுவார் என்று நான் பேசாமல் இருந்தேன்.