நாற்பதாவது தாள்

"சனத்துக்குக் கடல் வேண்டாமாம் மச்சான். கிணறுதான் வேணுமாம்," என்றான் செபநாயகம், மடியில் கிடந்த தாள்களைப் புரட்டியபடி.

சீவரத்தினத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் எழுதியிருந்தது கடற்பாட்டு. கொழும்புத்துறைக் கரையில், தண்ணீர் காலை நனைக்க, ஒரு பெண் ஆடிப் பாட வேண்டும். அதை வீடியோவில் பிடித்துப் பல்கலைக்கழகக் கலைவிழாவுக்குக் கொடுக்க வேண்டும். கமரா, கலியாண வீடுகளுக்குப் படம் பிடிக்கிற செபநாயகத்தின் அண்ணையுடையது. வருகிற சனிக்கிழமை ஒருநாள்தான் அது சும்மா இருக்கும். கையில் ஒரேயொரு கசெற். அன்றைக்குத் தவறினால் இந்த வருடம் பாட்டே இல்லை.

இதற்குள் விரிவுரையாளர் வேறு ஒரு நிபந்தனை போட்டிருந்தார். பார்க்கப்போகிற சனத்தில் நாற்பது பேரிடம் முதலில் கேட்டு, அதன்படி பாட்டை அமைத்தால்தான் விழாவில் சேர்ப்பாராம்.

விழா முடிந்ததும் பாட்டை அரியாலை வாசிகசாலையில் ஊர்ச் சனத்துக்குப் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. பாட்டில் நடிக்கச் சம்மதித்த மீனாம்பிகையின் ஊரும் அதுதான். ஆனால் தாய் பராசக்தி இன்னும் பிடி கொடுக்கவில்லை. பிள்ளையைக் கமராவுக்கு முன்னால் விட்டுவிட்டு ஊருக்குள் எப்படி நடக்கிறது என்று கேட்டிருந்தாள். அதனால் அந்த வீட்டை மட்டும் விட்டுவிட்டு, மற்ற வீடுகளுக்கு இருவரும் சைக்கிளில் போனார்கள். பாட்டுக் கதை தாயின் காதுக்கு முந்திப் போய்விடாமல் இருக்க, "ஒரு விஷயமாய் உங்கடை அபிப்பிராயம் வேணும்" என்று மட்டும் சொன்னார்கள். வகுப்புப் படத்திலிருந்து வெட்டிய மீனாம்பிகையின் முகத்தைக் காட்டினார்கள். வீட்டுக்கொரு கேள்வித்தாள் கொடுத்து, எழுதி வாசிகசாலைப் பெட்டிக்குள் போடச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

கேள்விகள் நாலுதான். இந்தப் பிள்ளை பொருத்தமா? எந்த உடுப்பு எடுப்பாக இருக்கும்? எந்த இடம் நல்லது? இசை எப்படி இருக்க வேண்டும்?

"பட்டுச் சேலை, முப்பத்தொரு பேர்," செபநாயகம் வாசித்தான். "இடம், பிள்ளையின்ரை வீட்டு வளவாம். நல்ல தண்ணிக் கிணறு, எட்டு மாமரம் எண்டு எழுதிக் கிடக்கு. இசைக்கு நாதஸ்வரம்."

"கடற்பாட்டுக்கு நாதஸ்வரமோ?"

"இதைக் கேள். பெடியன் குடிக்கிறவனோ எண்டு மூண்டு பேர் கேட்டிருக்கினம்."

பாட்டில் ஆண் வேடம் சீவரத்தினத்துக்குத்தான். "நான் ஏன் குடிக்கிறன்?"

"சோகப்பாட்டு எண்டு நினைச்சிட்டுதுகள்போலை."

கடைசித் தாளில் பெயர் இல்லை. நாலு கேள்விக்கும் ஒரே பதில், 'சம்மதம்'.

"என்ன உடுப்பு எண்டு கேட்டாலும் சம்மதமாம், என்ன இடம் எண்டாலும் சம்மதமாம். விசர்த் தாள், கிழிச்சுப் போடு."

சீவரத்தினம் கிழிக்கவில்லை. முப்பத்தொன்பதாகப் போனால் விரிவுரையாளர் திருப்பி அனுப்பிவிடுவார். அன்றைக்கே கடலை வெட்டிவிட்டுக் கிணற்றையும் மாமரத்தையும் பாட்டுக்குள் கொண்டுவந்தான். எழுதி முடித்தபோது அது என்ன பாட்டென்று அவனுக்கே தெரியவில்லை.

அடுத்த நாள் இன்னொரு குழப்பம். மீனாம்பிகை வந்து, அம்மா ஓமென்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள். படம்பிடிப்பைத் தங்கள் வீட்டிலேயே வைக்கட்டாம். ஒன்று மட்டும், அவனுடைய தாய் தகப்பனும் கட்டாயம் வரவேண்டுமாம். சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டாள்.

சீவரத்தினத்தின் தகப்பன் பொன்னம்பலத்துக்குச் சனிக்கிழமை தோட்டத்து வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கிற நாள். பாட்டுப் பிடிக்கிறதுக்குத் தான் எதற்கு என்று மருதனார்மடத்திலிருந்து அரியாலை வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

அன்றைக்கு நல்லவேளையாக ஆமியின் ஹெலிகொப்டர் ஒன்றும் மேலே சுற்றவில்லை. பராசக்தியின் வீட்டு வாசலில் நிறைகுடம் வைத்திருந்தது. அயல் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பாயில் இருந்தார்கள். உள்ளே பயற்றம்பணியாரம் வாசம்.

"செற் எல்லாம் அவையளே போட்டிட்டினம்," என்று செபநாயகம் மகிழ்ந்துபோனான்.

கிணற்றடியைப் பிடித்தான். எட்டு மாமரங்களையும் பிடித்தான். மீனாம்பிகை பட்டுடுத்தித் தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தாள், அதையும் பிடித்தான். சீவரத்தினத்தின் தாயும் பராசக்தியும் ஒரு மூலையில் மெல்லக் கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சீவரத்தினம் மட்டும், பாட்டு எப்போது தொடங்கும் என்று தெரியாமல் மாமரத்தடியில் நின்றான்.

பராசக்தி வெற்றிலைத் தட்டத்தோடு வந்து பொன்னம்பலத்தின் முன்னால் வைத்தாள். வெற்றிலைக்கு மேலே மஞ்சள் பூசிய சாதகக் குறிப்பு இருந்தது.

"நாலு வீட்டிலை விசாரிச்சாலே பெரிய காரியம். உங்கடை மகன் ஊர் முழுக்கத் தாள் குடுத்தெல்லோ விசாரிச்சிருக்கிறார். இப்பிடிக் கவனமான பெடியனை விடலாமோ? நாங்களும் உங்கடை பக்கம் விசாரிச்சிட்டம், தம்பி குடிக்கிறேல்லையாம்."

"அம்மா, அது வந்து... பாட்டுக்கு..." என்று இழுத்தான் சீவரத்தினம். இவளாவது உண்மையைச் சொல்லட்டும் என்று மீனாம்பிகையைப் பார்த்தான். அவள் குனிந்து தட்டத்தின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளையைக் கேக்காமல் செய்யிறம் எண்டு நினைக்காதேங்கோ," என்றாள் பராசக்தி. "நான் கேக்க முதலே, பக்கத்து வீட்டுக்காரரின்ரை தாளை வாங்கி, பேரும் போடாமல், 'சம்மதம்' எண்டு தானே எழுதிப் பெட்டிக்குள்ளை போட்டிட்டாள்."

தாள் எழுதிய நாற்பது பேரில், அது பாட்டுக்கான தாள் என்று தெரிந்து எழுதியவள் அவள் ஒருத்திதான்.