வளைவில் பிடிக்கிற டயர்

“வளைவுல வழுக்கவே கூடாதுக்கா. அந்த மாதிரி டயர் எது?”

கேட்ட ஆளை ஒரு தடவை பார்த்தாள் டயர்க்கடை அக்கா. பிறகு அவர் வந்த காரைப் பார்த்தாள். இரண்டுக்கும் அந்தக் கேள்விக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

கழுத்துப் பொத்தான்வரை மாட்டிய, கண்ணாடி போட்ட மனிதர். கடை வாசலில் இருக்கிற சின்ன மேட்டில் ஏறுவதற்கே வண்டியை நிறுத்தி, யோசித்து, ஆமை மாதிரி ஏற்றியவர். காரோ ஆபீசுக்கும் காய்கறிக்கும் போய்வருகிற குடும்பக் கார்.

அக்கா குனிந்து பழைய டயரைத் தடவினாள்.

வளைவில் வெட்டித் திருப்புகிறவர்களுக்கு டயர் ஓரத்தில் தேயும். சடக்கென்று பிரேக் அடிக்கிறவர்களுக்குத் திட்டுத் திட்டாகத் தேயும். இதுவோ வழித்துவிட்ட மாதிரி ஒரே சீர். இன்னும் ஒரு வருஷம் தாராளமாக ஓடும்.

இவருக்கு எதற்கு வேக டயர்?

ஒரு விஷயம் புரியவில்லை என்றால் அக்காவுக்குச் சோறு இறங்காது. அன்றாடம் ஓட்டுகிற டயரை முதலில் எடுத்துக் காட்டினாள். சத்தம் போடாது, நாள்பட உழைக்கும். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டார்.

சரி என்று கோடைக்கான டயரை உருட்டிக்கொண்டு வந்தாள். மெத்தென்ற ரப்பர். சூடான ரோட்டில் பல்லி மாதிரி ஒட்டிக்கொள்ளும். திடீர் மழையிலும் பிரேக் கேட்கும். ஆனால் சீக்கிரம் தேயும், உள்ளே இரைச்சல் கேட்கும், ஒவ்வொரு குழியும் இடுப்புக்கு வந்து சேதி சொல்லும். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள்.

அவர் ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

“இறக்கம். இடது பக்கம் திரும்புது. மரத்து நிழல், அதனால காலையில ரோடு ஈரம் காயாது. எழுபதுல வந்தா இது பிடிக்குமா?”

“எழுபதா?” அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீங்களா தம்பி?”

அவர் சிரிக்கவில்லை. வண்டியின் பின்பக்கம் எவ்வளவு தூரம் இழுக்கும் என்று கேட்டார். அந்த நேரத்தில் பயந்து பிரேக்கை மிதித்தால் என்ன ஆகும் என்று கேட்டார். டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் மாதிரி அவள் வாயையே பார்த்தார்.

“எழுபது அந்த இடத்துக்கு அதிகம்தான். ஆனா உங்க பழைய டயர் விட்டுடற இடத்துல, இது பிடிக்கும்.”

“அப்ப நாலும் போட்டுடுங்க.”

“குளிர் வந்தா இந்த ரப்பர் கல்லாயிடும். மாத்திடணும்.”

“அதுக்கு வேற செட்டு வீட்டுல இருக்குக்கா. வண்டியோட சேத்து அதையும் குடுத்துடறேன்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

குடுத்துடறதா? யாருக்கு?

விற்கப் போகிற காருக்கு யாராவது இருக்கிறதிலேயே உசத்தியான டயரைப் போடுவார்களா? மட்டமானதைக் கேட்டு வருவார்கள். இல்லையென்றால் பழசுக்கே கறுப்புப் பூசிப் பளபளவென்று தள்ளிவிடுவார்கள். அக்கா வாயைத் திறக்கப் போனாள். ஜாக்கியை முடுக்கிக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் ‘சும்மா இரேன்’ என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

இருந்தாள். அவளைப் பொறுத்தவரை அது பெரிய தவம்.

நாலு டயரும் ஏறின. பழைய சக்கர மூடிகளையே திரும்ப மாட்டச் சொன்னார் அவர். மாட்டியதும் பேன்ட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு ரோட்டோரத்தில் குந்தினார். இரண்டு கையாலும் புழுதியை அள்ளி வந்து முன்சக்கரத்து டயரில் தேய்த்தார். கறுப்பு மங்கும்வரை தேய்த்தார். பிறகு அடுத்ததற்குப் போனார். முட்டியெல்லாம் மண். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கிவிட்டது.

இதற்கு மேல் அக்காவால் முடியவில்லை.

“பழசைப் புதுசுன்னு காட்டறவங்களைப் பாத்திருக்கேன். புதுசைப் பழசுன்னு காட்டற ஆளை இப்பதான் தம்பி பாக்கறேன். இதை வாங்கறது யாரு?”

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“என் பொண்ணோட அம்மாவை இப்பக் கட்டிக்கிட்டிருக்கறவர்.”

அக்கா அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

“நல்ல மனுஷன்தான்கா. குறையே சொல்ல முடியாது. பிள்ளையை அவர்தான் தினம் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறார். கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். ஒருநாள் பின்னாடியே போய்ப் பாத்தேன், அந்த வளைவுல...” மூச்சு வாங்கிக்கொண்டார். “நான் எப்படி அவருக்குப் புத்தி சொல்றது? டயர் நான் போட்டதுன்னு தெரிஞ்சாலே ரோஷத்துல கழட்டிப் போட்டுடுவார்.”

அக்காவின் வீட்டுக்காரர் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தார்.

மூன்று டயருக்குப் பூசியாகிவிட்டது. தள்ளி நின்று பார்த்து, கொஞ்சம் திருப்தியானவர் போல அவர் கையைத் தட்டிக்கொண்டார்.

அக்கா உள்ளே போனாள். வரும்போது கையில் ஒரு பிளேடு இருந்தது. சேலையைச் செருகிக்கொண்டு முன்சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

புழுதிக்கு நடுவே, புது டயருக்கே உரிய ரப்பர் முடிகள் விறைத்துக்கொண்டு நின்றன.

“இது இருந்தா சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடிச்சிடும் தம்பி. நீங்க அந்த நாலாவதுக்கு மண்ணைப் பூசுங்க” என்று சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாக மழிக்க ஆரம்பித்தாள்.