வெள்ளையாக விழுந்த படங்கள்

"அந்தப் படத்தை மட்டும் எடுத்துடுங்க ஆன்ட்டி."

லிஃப்டில் வேறு யாரும் இல்லை. அதனால் சுகந்தி நேராகவே கேட்டாள்.

"எந்தப் படம்டி?" அகிலாண்டேஸ்வரிக்கு ஒன்றும் தெரியாதாம்.

"நான் தண்ணியில குதிச்சது. நீச்சல் டிரெஸ்ல."

"ஓ, அதுவா. வெக்கமா இருந்தா போட்டிருக்கவே கூடாது. என் கேமரா, என் ஃபிலிம். பொண்ணைப் பாத்துக்குங்கன்னு உங்கப்பா என்னை நம்பித்தானே அனுப்பினார்? அங்க நீ ஆடின ஆட்டத்தை அவரும் பாக்கட்டும்."

"நீங்க எனக்குத் தெரியாம எடுத்தீங்க."

"தெரிஞ்சா நீ நின்னிருப்பியா?"

லிஃப்ட் கதவு திறந்தது. ஆன்ட்டி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தாள். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்கச் சுகந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் மாதம் டொரான்டோவில் பனி முழங்காலுக்குக் கிடந்தபோது நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து கரீபியன் கடலில் இருக்கும் ஆன்டிகுவா தீவுக்குப் போயின. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. சுகந்தியை மட்டும் ஆன்ட்டியோடு அனுப்பினார். அங்கே ஒரு நாள் முழுக்கக் கேட்டமரான் பயணம், பக்கத்துக் குட்டித் தீவுக்கு. "நம்ம கட்டுமரம்தானே, பேரை நம்மகிட்டேருந்துதான் எடுத்துக்கிட்டான்" என்று ஆளுக்கு ஒரு தரம் சொன்னார்கள். சொல்லிவிட்டுக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு புளியோதரை சாப்பிட்டார்கள். கடலில் ஒருத்தரும் கால்கூட நனைக்கவில்லை.

சுகந்தி குதித்தாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

ஆனால் அப்பா மோகனசுந்தரம், ஜீன்ஸ் போட்டதற்கே ஒரு வாரம் பேசாமல் இருந்தவர். அவள் படிப்பை விட்டுவிட்டுக் கடை வேலைக்குப் போனபோதே சொல்லிவிட்டார்: "இனிமே உன்னைப் பத்தி ஒரு பேச்சு வந்தாலும் அடுத்த பிளேன்ல மதுரை. மாப்பிள்ளையைப் பெரியப்பா பாத்துக்குவார்."

சொன்னால் செய்கிறவர்.

டொரான்டோவின் டோர்செட் பார்க் பகுதியில், அந்த அடுக்குமாடியில் அவர்கள் வீட்டு ஹாலே சின்னது. ஆன்டிகுவா போன குடும்பங்கள் அத்தனையும் அதில் வந்து உட்கார்ந்திருந்தன. ஆன்ட்டி எடுத்த படங்களைச் சுவரில் போட்டுக் காட்ட அப்பா ஆபீஸிலிருந்து இரவல் வாங்கி வந்த புரொஜெக்டர் நடுவில் இருந்தது.

"நேத்து குடுத்த ஸ்லைடெல்லாம் அடுக்கியாச்சா?" என்றாள் ஆன்ட்டி.

"ஆச்சு."

"ஒவ்வொண்ணா பாத்தீங்களா?"

"தலைகீழா இல்லாம இருக்கான்னு பாத்தேன். அவ்வளவுதான்."

பார்த்திருந்தால் வீடு இப்படி அமைதியாக இருக்குமா? விழட்டும், சுவர் நிறைய விழட்டும் என்று நினைத்துக்கொண்டாள் சுகந்தி. ஆமாம், நான்தான் குதித்தேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவது. மதுரை என்றால் மதுரை.

அப்பா விளக்கை அணைத்துவிட்டுப் புரொஜெக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். க்ளிக். விமான நிலையம். க்ளிக். ஓட்டல் வாசல். க்ளிக். வெள்ளைப் பாய் விரித்த கேட்டமரான்.

"இப்பதான் பாக்கணும்," என்று ஆன்ட்டி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

க்ளிக்.

சுவரில் வெறும் வெளிச்சம்.

"என்ன இது? இங்க ஒரு படம் இருந்துதே."

"தெரியலையே," என்றார் அப்பா.

க்ளிக். மறுபடியும் வெறும் வெளிச்சம். ஒரு குழந்தை கையை நீட்டி நாய் நிழல் காட்டியது.

"இதுவும் இல்லையா? நான் என் கண்ணால பாத்தேனே."

"டப்பாவிலேயே இடம் காலியாத்தான் இருந்துது. ஃபிலிம் கழுவின கடைக்காரன் விட்டிருப்பான்."

ஆன்ட்டி விடுகிற ஆளா? "படம் போனா போகுது, நான் வாயால சொல்றேன். நம்ம சுகந்தி அன்னிக்கு என்ன பண்ணினா தெரியுமா..."

சுகந்தி எழுந்தே விட்டாள்.

க்ளிக்.

சுவர் முழுக்க அகிலாண்டேஸ்வரி. கையில் சிவப்பாக ஒரு டம்ளர், முகமெல்லாம் சிரிப்பு.

"படகுல என்னம்மா குடிக்கிறீங்க?" என்றார் அப்பா.

"பழரசம். எல்லாருக்கும் சும்மாவே குடுத்தான். அப்படி ஒரு ருசி. நாலு டம்ளர் குடிச்சேன்."

"பின்னால போர்டு ஒண்ணு தெரியுது பாருங்க. ரம் பஞ்ச்னு போட்டிருக்கு."

முதலில் சிரித்தது ஆன்ட்டியின் கணவர் நரசிம்மன். "அதான் அன்னிக்குச் சாயங்காலம் என்கிட்ட அவ்வளவு அன்பா பேசினியா" என்றார். அதற்கப்புறம் ஹால் அடங்கவே இல்லை. சுகந்தி என்ன பண்ணினாள் என்று யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் ஆன்ட்டிக்கு வாய் வரவில்லை.

எல்லாரும் போனபிறகு சுகந்தி தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கோபம் இன்னும் தீரவில்லை. இன்றைக்குத் தப்பினாலும் நாளைக்கு அந்த வாய் சும்மா இருக்காது. எப்படியும் அப்பா காதுக்கு வந்துவிடும்.

"சுகந்தி, இங்க வா."

அப்பா சட்டைப் பையிலிருந்து இரண்டு ஸ்லைடுகளை எடுத்து நீட்டினார்.

"பத்திரமா வச்சுக்க. லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பார்."

ஒன்றைப் பிடித்துப் பார்த்தாள். பாய்க்கும் கடலுக்கும் நடுவே, அந்தரத்தில், கைகளை விரித்துக்கொண்டு அவள்.

அப்பா அவளைப் பார்க்காமல் புரொஜெக்டர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுக் குதிக்கிறே. கீழ பாறை இருந்தா என்னாகிறது? அடுத்த தடவை திறந்துக்கிட்டுக் குதி."