கூடவே வந்தது

காலையில் மருத்துவமனை சர்வரில் ஸ்கேன் படங்கள் எல்லாம் அழிந்துகிடந்தன. கணினிப் பிரிவில் இருந்த பர்வீன், முந்தைய நாள் எடுத்துவைத்த நகலான பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டாள். சர்வரின் புரோகிராம்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கி, திரையில் பச்சையாயின. படங்கள் வந்தன, சற்று நேரத்தில் மறைந்தன. மறுபடி மீட்டாள். மறுபடியும் மறைந்தன.

"பேக்கப்புலதான் ஏதோ கோளாறு," என்றார் பக்கத்தில் இருந்த சக ஊழியர் இருதயராஜ்.

மூன்றாம் முறை அவள் படங்களைப் பார்க்கவில்லை. கூடவே வேறு என்னென்ன எழுந்து வருகின்றன என்று பார்த்தாள். பழைய படங்களைத் துடைக்க யாரோ எழுதிய சிறு புரோகிராம் பேக்கப்புக்குள்ளேயே இருந்தது. எல்லாவற்றோடும் சேர்ந்து அதுவும் உயிர்பெற்று, புதியது பழையது பாராமல் தன் வேலையைத் தொடங்கியிருந்தது.

நிறுத்தும் கட்டளையை அடித்தாள். திரை உறைந்து நின்றது; கட்டளை ஏறவில்லை, துடைக்கும் புரோகிராம் ஓடிக்கொண்டேயிருந்தது.

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன் வந்தது. "படம் வந்துடுச்சு மேடம், தேங்க்ஸ். அதைப் பாத்துக்கிட்டே டாக்டர் ஆரம்பிச்சுட்டார்."