நாலாவது பிளேயர்

காலையில் அந்த அம்மா மடிக்கணினியைக் கொடுத்தபோது, ஐந்து நிமிட வேலை என்றுதான் கம்ப்யூட்டர் மெக்கானிக் நினைத்தார்.

"பழைய போன்ல எடுத்த வீடியோங்க. எதுல போட்டாலும் திறக்க மாட்டேங்குது. எப்படியாவது பாக்கணும். சாயங்காலம் வரேன்."

முதல் வீடியோ பிளேயரில் திறக்கவே இல்லை. இரண்டாவதில் படம் ஓடியது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர், சிரித்தபடி கைகளை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சத்தம் மட்டும் வரவில்லை.

நெட்டிலிருந்து மூன்றாவது பிளேயரை இறக்கினார். நாலாவதையும் இறக்கினார். ஸ்பீக்கரை மாற்றினார். வீடியோவையே வேறு ஃபார்மட்டுக்கு மாற்றிப் பார்த்தார். ம்ஹூம். மற்ற வேலையெல்லாம் போட்டது போட்டபடி கிடந்தது. கண் எரிந்தது, கழுத்து கல்லாகிவிட்டது. அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எரிச்சலாக வந்தது.

சாயங்காலம் அந்த அம்மா வந்ததும் தலையைச் சொறிந்தார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. தலைகீழா நின்னு பாத்துட்டேன். படம்தான் வருது, சத்தம் வரல."

"படம் வருதா?"

ஓட விட்டார். அந்த அம்மா திரையருகே குனிந்தார். கண்கள் நிறைந்தன.

"என் வீட்டுக்காரர். போய் ஆறு வருஷம் ஆச்சு. அவருக்குப் பிறவியிலேயே பேச்சு கிடையாதுங்க. கையாலதான் பேசுவாரு."

நாள் முழுக்கப் பார்த்த கைகளை மெக்கானிக் அப்போதுதான் பார்த்தார்.

"என்னம்மா சொல்றாரு?"

"மாடியில துணி காயுதாம். மழை வந்தா ஓடிப்போய் எடுத்துடுங்கிறாரு."

சொல்லும்போதே அந்த அம்மாவின் கை, திரையைப் பார்த்து 'சரி' என்று அசைந்தது.